கொசுமுனியின் கலயம்

கூடலூருக்குக் கீழே மூங்கில்காடு தேயிலை எஸ்டேட்டில் அந்த மழைக்காலத்தில் இரண்டு கூட்டங்கள் சேர்ந்தன. ஒன்று கொசுக் கூட்டம். மற்றது கொசுமுனி அடிகளைப் பார்க்க வந்த கூட்டம். இரண்டாவதுதான் பெரியது.

அடிகள் சாதாரண ஆசாமி இல்லை. மாநிலத்தில் டெங்குக் காய்ச்சல் இப்போது எந்த ஊரில் இருக்கிறது, அடுத்து எந்த ஊருக்குப் போகும் என்று ஞானக்கண்ணால் பார்த்துச் சொல்பவர். மேஜைமேல் தமிழ்நாட்டு வரைபடம். அதன்மேல் நூலில் கட்டிய எலுமிச்சம்பழம். பழம் ஆடும். "கடலூர்ல இருக்குது... தேனிக்குப் போகுது..." என்பார். மறுநாள் யாராவது போனைத் தடவிப் பார்த்து, "ஆமா, அங்கேயும் காய்ச்சலாம்" என்பார்கள். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். ஊரெல்லாம் காய்ச்சல் அடிக்கிற பருவத்தில், பழம் கடலுக்கு மேலே போய் ஆடினால் ஒழிய வாக்குத் தப்பாது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

வாசுகிக்கும் தோன்றவில்லை. கொழுந்து பறிக்கிறவள், தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கிற ஐந்தாம் நம்பர் லைனில் அடிகளின் முதல் பக்தை. அடிகள் முதலில் நுழைந்த வீடும் அவளுடையதுதான். "இந்த வீட்டுக்குக் காய்ச்சல் வரப்போகுது" என்று சொல்லி, வாசல் மூலையில் ஒரு மண்கலயத்தை வைத்தார். உள்ளே தண்ணீர், ஒரு பிடி அவல், கொஞ்சம் செண்டுமல்லி இதழ்.

"மூடக்கூடாது. அசைக்கக்கூடாது. கொட்டக்கூடாது. வர்ற காய்ச்சல் இந்தத் தண்ணியில எறங்கிரும். புரியுதா?"

"புரியுதுங்க சாமி."

காணிக்கையாக ஒரு நாட்டுக்கோழி அடிகளின் ஜீப்பில் ஏறியது. அப்புறம் வீட்டுக்கு வீடு கலயம் வந்தது. வீட்டுக்கு வீடு கோழி போனது. கொஞ்ச நாளில், சொல்லி வைத்த மாதிரி, வீட்டுக்கு வீடு காய்ச்சலும் வந்தது.

"பாத்தீங்களா! சாமி சொன்ன வீடு ஒண்ணுகூடத் தப்பலை!"

லைனே சிலிர்த்தது. பாதிப் பேருக்கு அது காய்ச்சல் நடுக்கம்.

வாசுகியின் கணவன் வடிவேல் ஃபேக்டரியில் வேலை செய்கிறவன். அவன் படுத்தபோது அவளுக்குப் பயத்தோடு கொஞ்சம் பெருமையும் இருந்தது. "எங்க வீட்டுக்குத்தான் சாமி மொதல்ல சொன்னாரு" என்று குழாயடியில் சொல்லிக்கொண்டாள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகலாமா என்று கேட்டதற்கு அடிகள் பதறிப்போனார். "எறங்கிக்கிட்டு இருக்கிற காய்ச்சலை ரோட்டுல தூக்கிட்டுப் போனா ஒடம்புக்கே திரும்பிரும்!"

காய்ச்சல் தணிந்தது. அடிகளுக்கு இன்னொரு கோழி. ஆனால் அதற்குப் பிறகுதான் வடிவேலுக்கு வயிற்றுவலியும் வாந்தியும் பிடித்துக்கொண்டன. ஈறில் ரத்தம் கசிந்தது. வாசுகிக்குப் பெருமை போய்ப் பயம் மட்டும் மிஞ்சியது.

அந்தச் சமயத்தில்தான் சுகாதார ஆய்வாளர் வனிதா வந்து சேர்ந்தார். மாநிலம் முழுக்க எந்த ஊரில் எத்தனை பேருக்குக் காய்ச்சல் என்று அரசாங்கமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தது, எலுமிச்சம்பழம் இல்லாமல். அதில் இந்த ஒரு லைன் மட்டும் தனியாக எகிறி நின்றது.

"ஏனுங்க, பக்கத்துல காய்ச்சல் வராத லைன் இருக்குதுங்களா?"

வந்ததைக் கேட்காமல் வராததைக் கேட்கிறாரே என்று வாசுகிக்கு எரிச்சல். "மேட்டு லைன்ல யாருக்கும் இல்லை மேடம். அங்க கோழி வளக்கிறதில்லை. சாமி இன்னும் போகலை."

வனிதா வாசல் மூலைக்குப் போய்க் கலயத்துக்குள் டார்ச் அடித்தார். வாசுகியும் குனிந்து பார்த்தாள். அவலுக்கும் இதழுக்கும் நடுவே தண்ணீர் முழுக்கப் புழு நெளிந்தது.

கோழி வாங்க வந்திருந்த அடிகள் அசரவில்லை. "பாருங்க பக்தகோடிகளே! காய்ச்சலோட குஞ்சுங்க! என் கலயம் பிடிச்சு அடைச்சு வெச்சிருக்குது!"

கூட்டம் கை தட்டியது. தட்டிய கைகளில் நாலைந்து கொசு செத்தது தற்செயல்.

"அப்படின்னா என் வீட்டுல குஞ்சு பெரிசாயிருச்சு சாமி" என்று ஒரு குரல். பக்கத்து வீட்டுக் கருப்பம்மா தன் கலயத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். வாய் மூடிக் கட்டியிருந்தது. "கோவிச்சுக்காதீங்க. பூனை வந்து வந்து அவலைத் தின்னுது. அதான் பழைய கொசுவலையைக் கிழிச்சுக் கட்டிப்புட்டேன்."

வலைக்குக் கீழே, கறுப்பு உடம்பில் வெள்ளைக் கோடு போட்ட டெங்குக் கொசுக்கள் முட்டி மோதிக்கொண்டிருந்தன. வெளியிலிருந்து ஒன்றுகூட நுழைய வழியில்லை. எல்லாம் சாமி தண்ணீரில் பிறந்தவை.

"நல்லதுங்க சாமி" என்றார் வனிதா. "காய்ச்சலைத்தான் அடைச்சு வெச்சுட்டீங்களே. இந்த வலைக்குள்ள கையை உடுங்க. கடிச்சாலும் உங்களுக்கு ஒண்ணும் ஆகாதுங்களே?"

கூட்டம் ஆவலாக நெருங்கியது. அடிகள் ஓர் அடி பின்னால் வைத்தார்.

"இன்னிக்கு அஷ்டமி."

"நேத்துத்தான் அஷ்டமி சாமி" என்றார் கோயில் கமிட்டி வெள்ளியங்கிரி.

"அப்ப நவமி!"

"சரிங்க, நாளைக்கு வெச்சுக்கலாமா?" என்றார் வனிதா.

"நாளைக்கு நான் மௌன விரதம்."

"கை பேசாதுங்களே சாமி" என்றாள் கருப்பம்மா.

யாரோ சிரித்தார்கள். வாசுகி சிரிக்கவில்லை. கணவனின் வாயைத் துடைத்த துணி அவள் கையில் சிவந்திருந்தது.

"சாமி, என் புருஷன் முழு ஒடம்பையும் குடுத்துட்டுப் படுத்திருக்காரு. நீங்க ஒரு வெரலைக் குடுக்க மாட்டீங்களா?"

அடிகள் அவளைப் பார்க்கவில்லை. ஜீப்பைப் பார்த்தார். அந்த ஒரு பார்வை வாசுகிக்குப் போதுமானதாக இருந்தது.

"கோழியை எறக்குங்கடா! அவரை ஏத்துங்க!"

லைனே திரண்டு ஜீப்பை மறித்தது. கோழிகள் இறங்கின, வடிவேல் ஏறினான், வண்டி கூடலூர் ஆஸ்பத்திரிக்குப் பறந்தது. அடிகள் தேயிலைச் செடிகளுக்கு நடுவே நடந்தே போனார். எந்தப் பக்கம் என்று எலுமிச்சம்பழம் சொல்லியிருக்கும்.

"இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா கஷ்டம்" என்று டாக்டர் திட்டிக்கொண்டே குளுக்கோஸ் ஏற்றினார். வடிவேல் பிழைத்தான்.

அவனோடு திரும்பி வந்த வாசுகி முதல் வேலையாகக் கலயத்தைக் கவிழ்த்து நார் போட்டுத் தேய்த்தாள். வெள்ளியங்கிரி தயங்கித் தயங்கி வந்தார். "அந்தச் சாமி பொய்யி, சரி. காய்ச்சலுக்கு வேற நல்ல சாமி இருந்தா விசாரிக்கலாமா வாசுகி?"

வாசுகி தேய்ப்பதை நிறுத்தவில்லை. "மூட வேண்டியது பானையை, அண்ணே. தொறக்க வேண்டியது மண்டையை. இத்தனை நாளும் நாம மாத்திச் செஞ்சுட்டோம்."