கேட்டில் தொங்கிய போஸ்டர் பற்றி மருமகனுக்கு

இயேசு மரி சூசை துணை

வில்லியனூர்,
சனிக்கிழமை.

பிரியமுள்ள மருமகன் பெனடிக்டுக்கு, மாமன் மரியசுந்தரம் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உன் அத்தை அல்போன்சாவும் சுகம். அங்கு நீயும் ஆனி மேரியும் பிள்ளைகளும் சுகமாயிருக்க ஆண்டவரை வேண்டுகிறேன். மரியாதையெல்லாம் இத்துடன் முடிந்தது. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

செவ்வாய்க்கிழமை மாலை உன் பத்திரிகையின் போஸ்டர் இங்கு வந்தது. "ஒடிசா தீவிரவாதிகள் அட்டகாசம், புதுவையில் உஷார்" என்று, ஓடுகிற பஸ்ஸிலிருந்தே படிக்கிற அளவுக்கு எழுத்து. டீக்கடைச் சாமிக்கண்ணு அதை வழக்கமாகத் தன் கடைமுன் கயிற்றில்தான் தொங்கவிடுவான். அன்று கடைக்குப் பெயிண்ட் அடித்து ஈரமாக இருந்ததால், நான்கு துணி கிளிப் போட்டுப் பக்கத்து வீட்டு கேட்டில் மாட்டிவிட்டான். வீடு சிங்காரவேலுவுடையது. அதில் வாடகைக்கு இருப்பவன் என் டைல்ஸ் கடையில் வேலை பார்க்கிற பசந்த். சேதராப்பட்டுக் கம்பெனியை விட்டு மூன்று வருஷம் முன்பு என்னிடம் வந்தவன். அவனுக்குச் சொந்த ஊர் ஒடிசா. எங்கே இடிக்கிறது என்று இப்போது உனக்கே தெரிந்திருக்கும்.

மறுநாள் காலை பால் சொசைட்டி வரிசையில் ருக்குமணி ஆரம்பித்துவைத்தாள். "போலீசே வந்து வூட்ட அடையாளம் காட்டி நோட்டீஸ் ஒட்டிட்டுப் போயிருக்குதுடி." அவ்வளவுதான், வரிசை முடிவதற்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. இது போதாதென்று பசந்த் ஒரு காரியம் செய்தான். அவன் தமிழ் எழுத்து படித்ததெல்லாம் சிமெண்ட் மூட்டையிலும் டைல்ஸ் பெட்டியிலும்தான். அவன் எழுத்துக் கூட்டிப் பார்த்திருக்கிறான், ஒ, டி, சா. தன் ஊர்ப் பெயரை இந்த ஊரில் இத்தனை பெரிதாக எழுதியிருக்கிறார்களே என்று மனசு குளிர்ந்துபோய், பக்கத்து வார்த்தை என்ன என்றுகூட யாரையும் கேட்காமல், தலையைப் படிய வாரி, ஏழு மாசக் கர்ப்பிணி மனைவியைப் போஸ்டருக்கு அந்தப் பக்கம் நிறுத்தி, செல்ஃபி எடுத்து ஸ்டேட்டஸ் வைத்துவிட்டான். அதைச் சிங்காரவேலு பார்த்தார். "இன்னா துணிச்சல் பாருங்க, பெருமையா வேற போட்டுக்கறான்" என்று என்னிடம் போனில் குதித்தார். ஞாயிற்றுக்கிழமைக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டுமாம். அந்தப் பெண் வயிற்றைத் தூக்கிக்கொண்டு எங்கே போகும்?

அன்று உனக்கு போன் செய்தேனே, நினைவிருக்கிறதா? ஆறாம் பக்கத்தில் உள்ளே செய்தி வேறு மாதிரி இருந்தது. ரோடு போடுகிற இரண்டு இயந்திரங்களுக்கு யாரோ தீ வைத்தார்கள், ஓர் ஆயுதக் குழு என்று போலீஸ் சந்தேகிக்கிறது, அவ்வளவுதான். "அந்த சந்தேகத்தை ஏன்டா போஸ்டர்ல காணோம்?" என்றேன். "மாமா, 'சந்தேகிக்கப்படும்'னு போட்டா அதுவே ஒரு வரிய தின்னுடும். எடம் இல்ல" என்றாய். "அட்டகாசத்துக்கு மட்டும் எடம் இருந்துதா?" என்றேன். "அது நல்லா நிக்கும் மாமா" என்றாய். நிற்கத்தான் செய்தது, என் ஆள் வீட்டு வாசலில்.

நான் உன்னைப் போலப் படித்தவன் அல்ல. ஆனால் இருபத்தாறு வருஷமாகப் பெட்டி மேல் எழுதியிருப்பதை நம்பிச் சரக்கு விற்கிறவன். ஒரு பெட்டியில் இரண்டு டைல்ஸ் உடைந்திருந்தால் "இரண்டு உடைசல்" என்று எழுதுவோம். அது வந்த ஊர்ப் பெயரை எழுதி முழு லோடும் உடைசல் என்று எழுத மாட்டோம். நீங்கள் எழுதுகிறீர்கள். இதே குழுவைப் போன வருஷம் ஒருநாள் "போராளிகள்" என்றீர்கள், பிறகு "கிளர்ச்சியாளர்கள்" என்றீர்கள். நம் பக்கம் பந்த் அன்று பஸ் கண்ணாடியை உடைத்தவர்கள் மட்டும் உங்களுக்கு "வாலிபர்கள்". லாரி வாடகை மாதிரி, தூரம் கூடக் கூட வார்த்தையும் ஏறுகிறது. தீ வைத்தவனுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. தீ வைத்தான் என்றே எழுது. எந்தக் குழு, யார் சொன்னது, அதையும் எழுது. ஊர்ப் பெயரை மட்டும் அவன் கழுத்தில் கட்டாதே, அதே ஊர்க்காரன் ஒருவன் இங்கே டைல்ஸ் பெட்டி தூக்கிக்கொண்டிருக்கிறான்.

நேற்றுப் போஸ்டரைக் கழற்றி எடுத்துக்கொண்டு சிங்காரவேலு வீட்டுக்கே போனேன். அடியில் பொடி எழுத்தில் இருக்கும் பத்திரிகைப் பெயரைக் காட்டினேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுப் பார்த்தார்.

"அப்ப போலீசு ஒட்டலியா?"

"நம்ம பெனடிக்டு ஆபீஸ்ல அடிச்சது. சாமிக்கண்ணு மாட்டுனது."

"இருந்தாலும் மொதலாளி, பேரு கெட்டுப்போச்சே. ஊர்ல நாலு பேரு இன்னா சொல்லுவான்?"

உள்ளேயிருந்து அவர் மனைவி செல்வகுமாரி வெளியே வந்தாள். "பந்த் அன்னிக்கு நம்ம புள்ள மணிபாரதி பஸ்சுக்குக் கல்லு வுட்டானே, அவன இந்த வூட்ட வுட்டுக் காலி பண்ணச் சொன்னியா? சோறுதான போட்ட? அந்தப் பொண்ணு பிரசவம் பாத்து எழுந்துக்கற வரைக்கும் எவனும் வாயத் தொறக்கக் கூடாது. அப்புறமும்தான்." சிங்காரவேலு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். கடைசியில், "இருக்கட்டும், இருக்கட்டும்" என்றார். இன்று காலை ருக்குமணியே அந்தப் பெண்ணுக்கு முருங்கைக்கீரை கொண்டுபோய்க் கொடுத்ததாக உன் அத்தை சொல்கிறாள்.

ஒன்றை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். புதன்கிழமை நானும் பசந்தைக் கடை முன்பக்கம் நிற்கவிடாமல், சரக்கு எண்ணச் சொல்லிக் குடோனுக்கு அனுப்பிவிட்டேன். வாடிக்கையாளர் மிரளக் கூடாதே என்று. எண்ண அங்கே ஒன்றும் இல்லை, அது அவனுக்கும் தெரியும். நேற்று முன்பக்கத்துக்கே கூப்பிட்டுக்கொண்டேன். அவன் வழக்கம்போல வந்து மாதிரி டைல்ஸைத் துடைத்து அடுக்கினான். உனக்கு இத்தனை பெரிய கடிதம் எழுதுவதற்கு அவனை அப்படி அனுப்பியதும் ஒரு காரணம். அடுத்த முறை தலைப்பு வைக்கும் முன் ஒரு நிமிஷம் யோசி. நீ யோசிப்பாய், நல்ல பிள்ளை, அந்த நம்பிக்கை எனக்கு இருக்கிறது.

சூசையப்பர் உன் கையையும் அந்தக் கை தட்டுகிற கீபோர்டையும் காப்பாராக. ஆனி மேரிக்கும் குழந்தைகளுக்கும் எங்கள் ஆசீர்.

அன்பு மாமன்,
மரியசுந்தரம்.

பி.கு.: இது பத்திரிகையிலேயே போடத் தகுந்த கடிதம் என்கிறாள் உன் அத்தை. போடுவதானால் போடு. ஆனால் என் பெயருக்கு முன் "டைல்ஸ் வியாபாரி" என்று மொட்டையாக வைத்துவிடாதே. "புதுவையின் பிரபல தொழிலதிபர், மனிதநேயச் செம்மல்" என்று வை. இடம் போதவில்லை என்றால் கடிதத்தைக் குறைத்துக்கொள், பட்டத்தில் கை வைக்காதே.