ஜெனரேட்டர் மேல் போட்ட வழக்கு

சட்டம் படிக்காதவனால் ஊருக்கு ஆபத்தில்லை. முழுதாகப் படித்தவன் ஃபீஸ் வாங்கிக்கொண்டு ஜாக்கிரதையாக இருப்பான். ஒரு வருடம் மட்டும் படித்துவிட்டு நின்றவனிடம்தான் எல்லோரும் உஷாராக இருக்க வேண்டும். நான் அந்த ரகம்.

2008 வாக்கில், பல்லடம் பக்கம் அருள்புரத்தில் என் மாமாவின் பனியன் கம்பெனிக்கு நான் மேனேஜர். மின்வெட்டு காலம் அது. பக்கத்துக் கம்பெனி பழனிச்சாமி அண்ணனிடம் பெரிய டீசல் ஜெனரேட்டர் இருந்தது. அதிலிருந்து ஒயர் இழுத்து எங்களையும் சேர்த்து ஐந்து கம்பெனிகளுக்குக் கரண்டு விற்றார். கரண்டு இல்லாத நேரத்தில் ஆளுக்கு ஒரு மணி நேரம், முறை வைத்து. பத்திரத்தாளில் ஒப்பந்தம். (எழுதிக் கொடுத்தவன் அடியேன்.)

ஐந்தில் ஒருவர் அவருக்குச் சம்பந்தி ஆனார். அன்றிலிருந்து சம்பந்திக்கு மூன்று மணி நேரம், எங்களுக்கு முப்பது நிமிஷம்.

எங்கள் டெய்லர் சேவியர் நாசரேத் பக்கத்துக்காரர். நின்றுபோன மிஷினைத் தட்டிக்கொண்டே கேட்பார்: "கரண்டு எப்ப சார் வரும்? பீஸ் ரேட்டுல்லா? தைச்சாத்தான சார் கூலி." என்னால் உட்கார முடியாது. வாசலுக்கும் கட்டிங் டேபிளுக்கும் நடந்தே ஒரு ஜோடி செருப்பு தேய்ந்தது. ஷிப்மெண்ட் தேதி வேறு நெருங்கியது.

"பக்கத்துலதான இருக்கறான், ஒரு எட்டு போய்ப் பேசீட்டு வாடா" என்றார் மாமா.

"பேச்சுக்குச் சட்டத்துல மதிப்பில்லீங்க மாமா."

மின்சாரச் சட்டப் புத்தகம் வாங்கி, மஞ்சள் பேனாவால் கோடு போட்டேன். (முடித்தபோது கோடு போடாத வரிதான் தனியாகத் தெரிந்தது.) முறையை மீறியதற்கு நஷ்டஈடு, இனி முறைப்படி கரண்டு தர உத்தரவு, கூடவே மன உளைச்சலுக்கும் ஒரு தொகை கேட்டு, கோயமுத்தூர் நுகர்வோர் மன்றத்தில் மனு போட்டேன். வக்கீல் வேண்டாம், நானே வாதாடுவேன் என்று வீட்டில் அறிவித்தேன்.

விசாரணை நாள். பழனிச்சாமி அண்ணனும் வக்கீல் இல்லாமல், வேட்டியைக் கையில் பிடித்தபடி நின்றார். மன்றத் தலைவர் மனுவைப் புரட்டினார்.

"இந்தக் கரண்டு எதுக்கு வாங்கினீங்க?"

"எக்ஸ்போர்ட் பிசினஸுக்குங்க ஐயா!" என்றேன், நெஞ்சை நிமிர்த்தி.

"கரண்டு விக்க அவருக்கு லைசென்ஸ் இருக்கா?"

இந்தக் கேள்விக்காகத்தான் நான் காத்திருந்தேன். "இல்லீங்க ஐயா! பன்னிரண்டாவது பிரிவுப்படி அது குற்றமுங்க!"

"இது தெரிஞ்சேதான் ஒப்பந்தம் போட்டீங்களா?"

"நல்லாத் தெரியுமுங்க ஐயா. எழுதுனதே நானுங்க."

பின்வரிசையில் யாரோ இருமினார்கள். தலைவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"தம்பி, சட்டத்துக்கு ஒவ்வாத ஒப்பந்தத்தை எந்தச் சட்டத்தை வெச்சு நான் காப்பாத்தறது? அதுவும் வியாபாரத்துக்கு வாங்கியிருக்கீங்க. முதல்ல நீங்க நுகர்வோரே இல்லீங்களே!"

மனு தள்ளுபடி. மொத்தம் நான்கு நிமிஷம்.

திரும்பும் பஸ்ஸில் இருந்தது ஒரே காலி இடம், பழனிச்சாமி அண்ணனுக்குப் பக்கத்தில். பஸ் சூலூரைத் தாண்டியது. பிறகு அவர் மெல்லக் கேட்டார்: "ஏனுங்க தம்பி, அந்தப் பன்னண்டாம் நெம்பருக்கு ஜெயில் உண்டுங்களா?"

அப்போதாவது நான் வாயை மூடியிருக்கலாம். புத்தகத்தைத் திறந்து, கோட்டைத் தேடி, "மூணு மாசம் வரைக்கும் போடலாமுங்க" என்றேன்.

அன்று சாயங்காலமே அவர் ஒயர் அத்தனையையும் சுருட்டிவிட்டார். சம்பந்திக்கும் சேர்த்து. முப்பது நிமிஷமும் போனது. மற்ற மூன்று முதலாளிகளும் மாமாவின் முன் வந்து நின்று என்னையே பார்த்தார்கள். "தம்பி கேஸ் செயிச்சுட்டாருங்களா?" என்று ஒருவர் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

மாமா பல்லடம் போய் ஒரு ஜெனரேட்டரை வாடகைக்குப் பிடித்து, லாரியில் ஏற்றி வந்தார். சேவியரும் மற்றவர்களும் ஞாயிறும் உட்கார்ந்து தைத்தார்கள். சரக்கு நான்கு நாள் தாமதமாகப் போனது, நல்லவேளையாகத் திரும்பி வரவில்லை. மாமா என்னைத் திட்டவே இல்லை. ஆனால் அதற்குப் பிறகு கம்பெனியில் யாரும் என்னிடம் எதையும் எழுதித் தரச் சொன்னதில்லை, லீவ் லெட்டர் உட்பட.

பிறகு மாமா பெண்ணையே கட்டிக்கொண்டேன். கதை அவளுக்கு அத்துப்படி. இன்றும் தோசை தீய்ந்திருக்கிறது என்று நான் வாயைத் திறந்தால் போதும், அடுப்படியிலிருந்து அவள் குரல் வரும்:

"புகார் வாங்க முடியாதுங்க. நீங்க நுகர்வோரே இல்லீங்களே!"