இனயத்துச் செசிலி குழித்துறை மருந்துக்கடையில் பேரம் பேசிய படலம்

வாழ்க செசிலி! கடலுக்கு முன்னே கண்விழிப்பவளே, சாளை மீனுக்கும் அயிலைக்கும் அன்றன்றைய விலையை விதிப்பவளே, அலுமினியச் சருவத்தை மணிமுடியாய்ச் சுமந்து இனயத்துக் கரையிலிருந்து குழித்துறைச் சந்தை வரை முப்பது ஆண்டுகள் படைநடத்தியவளே, எதிராளி முதலில் சொன்ன விலையை ஒருநாளும் கொடுத்தறியாத கரத்தினளே, உன் போரைச் சொல்லப் புகும் வாய்க்கு வறட்சி வராதிருக்கட்டும்!

இரண்டாயிரத்துப் பதினெட்டு, ஆவணி மாதத்துச் செவ்வாய்க்கிழமை. சந்தையின் கிழக்கு வாசலருகே, அம்மாவுக்குப் பின் தனக்கு வந்த மூன்றடி அகலப் பேரரசையும், அதில் கால்வாசி மீன் மிச்சமிருந்த சருவத்தையும் பக்கத்து வியாபாரி தேவகனியிடம் ஒப்படைத்துவிட்டு, செசிலி மருந்துக்கடையை நோக்கிப் புறப்பட்டாள். விடிவதற்கு முன் மாத்திரையோடு குடித்த கட்டன்சாயா ஒன்றே வயிற்றில் இருந்தது. சருவம் காலியாகாமல் ஒரு பருக்கையும் வாயில் வைப்பதில்லை என்பது அவள் அம்மா காத்த விரதம்; அவளும் காத்தாள். விரதம் என்று அதற்கு ஒரு பெயர் இருப்பதுகூட அவளுக்குத் தெரியாது.

பகைவன் பெயர் சர்க்கரை. ஒன்பது ஆண்டுகளாக வாடகை தராமல் அவள் உடலில் குடியிருப்பவன். அவன் ஏறும் நாட்கள் அவளுக்குப் பழகிவிட்டன. சொல்லாமல் இறங்கும் நாட்களில்தான் அவன் வஞ்சகன். போன மாதம் அப்படி இறங்கியபோது, அரைக்கிலோ சாளையை நிறுத்துக்கொண்டிருந்த நம் வீராங்கனை, தராசும் தானுமாகச் சாய்ந்து தன் மீன்களின் நடுவிலேயே கிடந்தாள். எழுந்ததும், "வழுக்கிட்டு" என்று உலகுக்கு அறிவித்தாள். மீன்சந்தையில் யார்தான் வழுக்கவில்லை? உலகம் நம்பியது. மகள் ஷிபா மட்டும் நம்பவில்லை.

"போதும் அம்மா. இனி வீட்ல இரி."

ஒன்பது வருடச் சர்க்கரை செய்யாததை அந்த ஐந்து சொற்கள் செய்தன. செசிலி பயந்தாள். வீட்டில் இருக்கும் செசிலி எப்படி இருப்பாள், யாரிடம் சத்தம் போடுவாள் என்று அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

ஆஸ்பத்திரி டாக்டர் ஓர் ஆயுதத்தின் பெயரைச் சொன்னார். மேல்கையில் ஒட்டிக்கொள்ளும் சிறு வில்லை; பதினான்கு நாள் இரவும் பகலும் விழித்திருந்து, பகைவன் எந்நேரம் இறங்குகிறான் என்று காட்டிக்கொடுக்கும் ஒற்றன். அதைப் படிக்கும் கருவியை ஆஸ்பத்திரியில் இரவல் தருவார்கள். வில்லையைச் சொந்தக் காசில்தான் வாங்க வேண்டும். காப்பீட்டு அட்டை கட்டிலில் படுப்பவர்களுக்குத்தான். நின்றுகொண்டு வியாபாரம் செய்பவர்களுக்கு அல்ல.

மருந்துக்கடையின் கண்ணாடிக் கோட்டைக்குள் நின்றிருந்தவர் ஞானசிங். ஐயோ, விதியின் விளையாட்டு! பதினோரு ஆண்டுகளாகச் செசிலியிடம் மீன் வாங்கி, பதினோரு ஆண்டுகளும் பேரத்தில் தோற்றவர். 'தொடாதே, வேணும்னா வாங்கு, இல்லன்னா நகரு' என்னும் அவளது போர்முழக்கத்தை நாள்தோறும் செவியேற்றுச் சுருங்கியவர். அந்த எளியவரின் எல்லைக்குள் சக்கரவர்த்தினி தானே வந்து நின்றாள்.

பெட்டி வந்தது. உள்ளங்கையில் அடங்கும் வெள்ளைப் பெட்டி. செசிலி அதைக் கையிலெடுத்துப் புரட்டினாள், கட்டைவிரலால் அதன் வயிற்றில் அமுக்கினாள், மூக்கருகே கொண்டுபோனாள்.

"இது என்னைக்கு வந்ததாக்கும்?"

"வெள்ளிக்கிழமை வந்தது அக்கா."

"அப்போ நாலு நாள் பழசு. பொட்டிச்சுக் காட்டு மக்கா, நான் பாக்கட்டு."

"தொடப்படாது அக்கா." ஞானசிங் நிமிர்ந்தார். பதினோரு ஆண்டுகள் அவர் தொண்டையில் காத்திருந்த சொற்கள் வரிசையாகப் புறப்பட்டன. "வேணும்னா வாங்குங்க. இல்லன்னா நகருங்க, ஆளு நிக்குது."

பின்னால் நின்ற ஆள், பிரஷர் மாத்திரை வாங்க வந்த பகவதியம்மாள் டீச்சர். யாரும் நகரத் தேவையில்லை என்பதுபோல் அவர் குடையை ஊன்றி வசதியாக நின்றுகொண்டார்.

"எவ்வளவு?"

"நாலாயிரத்து எழுநூத்து எண்பது."

"ரெண்டாயிரம் பிடி."

கொந்தளிக்கும் ஆடிக்கடல் பாறையில் மோதுவதுபோல் செசிலியின் சொற்படை அந்த மேசையில் மோதியது. ஒரு பக்கம் இடித்துப் பார்த்தாள்: இத்தனூண்டு சாமானுக்கு இந்த விலையா, நெய்மீன்கூட இவ்வளவு துள்ளாதே என்றாள். மறுபக்கம் அணைத்துப் பார்த்தாள்: உன் மகள் சடங்குக்கு முழு வாவல் மீன் கொண்டுவந்தது யார் என்றாள். ஞானசிங் பெட்டியின் ஓரத்தில் அச்சிட்டிருந்த விலையின்மேல் ஒரு விரலை வைத்துக்கொண்டு நின்றார்.

"அச்சடிச்சவன் அவன் இஷ்டத்துக்கு அடிப்பான். நீ உன் விலையைச் சொல்லு."

"என் விலையும் அதாக்கும் அக்கா."

அப்போது அவள் கடைசி அஸ்திரத்தை எடுத்தாள். முதுகைக் காட்டி நடந்தாள். சந்தையில் எத்தனை பேர் இதை அவளிடமே எய்திருக்கிறார்கள்! அவர்கள் ஏழு அடி வைப்பதற்குள், "ஏலே, திரும்பி வா, எடுத்துட்டுப் போ" என்று அவள் அழைத்துவிடுவாள். ஏழாம் அடி வணிக அறத்தின் எல்லை. செசிலி எண்ணிக்கொண்டே நடந்தாள். ஐந்து. ஆறு. ஏழு. எட்டு.

யாரும் அழைக்கவில்லை.

பழச்சாற்றுக் கடைக்கு முன் அவள் நின்றாள். காசு அவளிடம் இருந்தது. நாலாயிரத்து எழுநூற்று எண்பதும் பஸ் சார்ஜும், பிளாஸ்டிக் தாளில் மடித்து, நெஞ்சோடு செருகியபடி. பின் எதற்கு இந்தப் போர்? விலை படிந்தால் நோயும் படிந்துவிடும் என்று உள்ளே எங்கோ நம்பியிருந்தாள். இரண்டாயிரத்துக்கு வரும் நோய் பாதி நோய். அச்சடித்த விலையில் வாங்கினால், அது முழு நோய்.

இதை நினைத்துக்கொண்டிருந்தபோதே கழுத்தில் வியர்த்தது. விரல்கள் நடுங்கின. எதிரிலிருந்த கடைப் பெயர்ப்பலகை தண்ணீரில் விழுந்த எழுத்தாய் அசைந்தது. பகைவன் இறங்கிவிட்டான். சுருக்குப்பையைத் துழாவி இரண்டு மிட்டாயை எடுத்து, தாள் பாதி ஒட்டிய நிலையிலேயே வாயில் போட்டு, மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டாள். மணி என்னவென்று அவளுக்குத் தெரியவில்லை. எப்போதுமே தெரிந்ததில்லை. அவன் வருவதும் போவதும் அவன் நேரம். அவளுக்குத் தெரிந்தது கம்பம் மட்டும்.

கம்பம் மறுபடி கம்பமானதும் செசிலி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். திரும்பி நடந்தாள். பகவதியம்மாள் டீச்சர் மாத்திரை வாங்கி முடித்தும் போகாமல் அங்கேயே நின்றிருந்தார்.

பணக்கட்டை மேசைமேல் வைத்து, சந்தையும் அதற்கப்பால் ஓடும் ஆறும் கேட்கும்படி அவள் அறிவித்தாள்: "ஏலே ஞானசிங்கே, விலை உன்னது. எடுத்துக்க. ஆனா கொசுறு என்னது!"

"மருந்துக்கு ஏதுக்கா கொசுறு?"

"பதினோரு வருஷத்துல ஒருநாள் கொசுறு இல்லாம உன் பையை நான் கெட்டினதுண்டா? ஒரு பிடி நெத்திலியாவது போடாம? நெஞ்சுல கைவச்சுச் சொல்லு!"

ஞானசிங்கின் கை நெஞ்சுக்குப் போய்ப் பாதியில் நின்றது. அறம் அவள் பக்கம் இருந்தது.

"அது நியாயம்தான் சிங்கு," என்று வானத்துத் தேவர்களின் சார்பில் டீச்சர் தீர்ப்பளித்தார்.

கோட்டை விழுந்தது. தோற்ற மன்னன் திறைப்பொருட்களை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து குவித்தான். ஒரு பஞ்சுச் சுருள் வந்தது. "பிறகு?" என்றாள். ஒரு பிளாஸ்திரி வந்தது. "பிறகு?" கடைசியாக உள்ளறையிலிருந்து, கடையின் பெயர் அச்சிட்ட தினசரிக் காலண்டர் ஒன்று தூசியோடு வந்தது. அந்த ஆண்டில் இன்னும் நாலு மாதம்தான் மிச்சம். செசிலி அதைச் சுருட்டிக் கக்கத்தில் செங்கோலாய் இடுக்கிக்கொண்டு, ஜாக்கெட் கையை மேலே தள்ளி, புஜத்தை நீட்டினாள்.

"இனி ஒட்டு."

டக் என்று ஒரு சத்தம். எறும்புக்கடி அளவுகூட வலிக்கவில்லை. அதுதான் அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது.

அதன்பின் பதினான்கு நாள், பஸ் நெரிசலிலும் சருவத்தின் விளிம்பிலும் தேவகனியின் முழங்கையிலும் சிக்காமல் அந்த ஒற்றனை அவள் காத்தது தனிப்பெரும் பாரதம். பதினைந்தாம் நாள் காலையில், இடது புஜத்தில் வட்டத் தழும்பும் வலக்கையில் இரவல் கருவியுமாக, எதிரியின் மறைவிடம் வெளிப்படப்போகும் அந்த மாபெரும் கணத்தை எதிர்நோக்கி, மூன்றடிப் பேரரசின் எதிர்காலமெல்லாம் அந்தக் கருவிக்குள் அடங்கியிருக்க, மகள் ஷிபா பக்கத்தில் நிற்க, செசிலி டாக்டர் முன் அமர்ந்தாள்.

டாக்டர் வரைபடத்தில் நாள்தோறும் பதினோரு மணியளவில் விழுந்திருந்த பள்ளங்களைப் பார்த்துவிட்டு, வியாபாரத்தை விட வேண்டாம், தினமும் பத்து மணிக்கு இரண்டு இட்லி சாப்பிட்டால் போதும் என்றார்.