சல்லிசு சார் வாங்கிய ஒன்பதாயிரம் பங்குகள்

பம்பு கம்பெனியின் கொள்முதல் குமாஸ்தாவுக்கு ஆபீஸ் வைத்த பெயர் சல்லிசு சார். விலை குறைந்தது என்று காதில் விழுந்தால் போதும், ஏன் குறைந்தது என்று கேட்கிற புத்தி அந்த மனிதருக்கு அடியோடு அவிந்துபோகும். மூடியில்லாத பிளாஸ்க், இரண்டும் இடது காலாக அமைந்த செருப்பு, ஒரு கை குட்டையான மழைக்கோட்டு என்று வீடு முழுக்க அவருடைய சாமர்த்தியம்தான் அடைந்து கிடந்தது.

அப்பேர்ப்பட்டவருக்கு அந்த மாதம் சம்பள பாக்கி மொத்தமாக வந்து சேர்ந்தது. மனைவி அன்றைக்கே பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க, வாஷிங் மெஷின் வாங்கிடலாம். பதினெட்டு வருஷமா துவைச்சுத் துவைச்சு என் இடுப்பே கழண்டுபோச்சு."

"அவசரப்படாதே. முதல்ல பணத்தைப் பெருக்கணும்."

"இந்த வீட்ல பெருக்கறதும் நான்தானே!"

"உனக்கெல்லாம் நிர்வாகம் புரியாது. இதைப் பாரு."

பேப்பரை நீட்டினார். முந்நூறுக்கு விற்ற கடிகாரக் கம்பெனிப் பங்கு, இப்போது வெறும் நாலு! சார் விலையை மட்டும்தான் படித்திருந்தார். மனைவியோ அதற்குக் கீழே இருந்ததையும் சத்தமாகப் படித்தாள். நாலு மாதமாகச் சம்பளம் இல்லை. கணக்குப் பார்க்கிறவர் கையெழுத்துப் போட மாட்டேன் என்று ஓடிவிட்டார். முதலாளி உடம்பைத் தேற்றிக்கொள்ள வெளிநாடு போயிருக்கிறார்.

"இது போண்டியாகப் போற கம்பெனிங்க."

"அதனாலதான்டி மலிவு! நாலுக்குக் கீழ எங்க போகும்?"

"மூணு, ரெண்டு, ஒண்ணு, அப்புறம் முட்டை. இது எனக்கே தெரியுதே!"

"வாயை மூடு."

அவள் மூடிக்கொண்டாள். இவ்வளவு சீக்கிரம் அவள் மூடிக்கொண்டால் விவரமுள்ள மனுஷன் பயந்திருப்பான். நம்மாள் துணிப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

பங்குத் தரகரின் ஆபீஸ், மாடியில் ஒரு ஒடுங்கின அறை. விஷயத்தைக் கேட்டதும் தரகர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இவரை மறுபடி பார்த்தார்.

"நிஜமாவே வாங்கறீங்களா? ஒரே ஒரு பார்ட்டிகிட்ட ஒன்பதாயிரம் இருக்கு. அஞ்சு மாசமா சீந்த ஆளில்லை."

"மொத்தமா எடுத்தா எவ்வளவு குறைப்பீங்க? பத்துக்கு ஒண்ணு இனாம் உண்டா?"

போல்ட்டும் நட்டும் வாங்கின வாய், வேறெப்படிக் கேட்கும்? தரகர் சிரிப்பை அடக்கிக்கொண்டு அந்தப் பார்ட்டிக்குப் போன் போட்டார்.

"ஆமாங்க, ஆள் வந்திருக்கார்... பத்துக்கு ஒண்ணு இனாம் கேக்கறார்... ஆமாங்க, துணிப்பைதான்... வந்துபோன பஸ் செலவையும் கழிக்கணுமாம்."

மறுமுனையில் ஏதோ சொன்னார்கள்.

"சார், நாலுக்குத் தரமாட்டாங்களாம். நாலரையாம்."

"என்னய்யா அநியாயம்! குறைக்கச் சொன்னா ஏத்தறாங்க?"

"யோசிச்சீங்கன்னா அஞ்சாக்கிடுவாங்களாம்."

சாருக்கு வியர்த்தது. விற்கிறவனே விலையை ஏற்றுகிறான் என்றால், உள்ளே ஏதோ நல்ல சேதி இருக்கிறது! கை நழுவிவிடப் போகிறதே என்று பதறி, சம்பள பாக்கி முழுவதையும் நாலரைக் கணக்கில் கொட்டிவிட்டு வந்தார். அந்த வாரம் முழுக்க அவருக்கு நடையே மாறிப்போயிருந்தது.

சனிக்கிழமை வீடு திரும்பினால், இரண்டு பேர் வாஷிங் மெஷினை மாடிப்படியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"ஏது பணம்?"

"பங்கு வித்தேங்க. கல்யாணத்தப்போ எங்கப்பா என் பேருக்கு எழுதிக் குடுத்தாரே, கடிகாரக் கம்பெனிப் பங்கு. 'உங்கப்பன் குடுத்த காகிதம்'னு நீங்க கவரைப் பிரிச்சுக்கூடப் பாக்கலையே! எவனோ ஒரு மடையன் மொத்தமா வாங்கிட்டான். பத்துக்கு ஒண்ணு இனாம் வேற கேட்டானாம், கேட்டீங்களா இந்தக் கூத்தை?"

சார் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அ... அது இனிமே ஏறலாம்ல?"

"எங்க ஏறும்? காலைப் பேப்பர் பாக்கலையா? கோர்ட்டுல கம்பெனிக்குப் பூட்டுப் போட்டாச்சு. இப்ப அது கடலை மடிக்கத்தான் ஆகும்."

வயிற்றெரிச்சல் தாங்காமல் சார் வெடித்தார். "மூழ்கற கம்பெனின்னு தெரிஞ்சே ஒருத்தன் தலையில கட்டினியே, உனக்கு ஈவு இரக்கம் இருக்கா?"

"இருக்கறதாலதாங்க வித்தேன். அந்தப் பணத்தை அவன் எப்படியும் எங்கேயாவது கொண்டுபோய்க் கொட்டத்தான் போறான். வேண்டாம்னாலும் கேக்கற ஜென்மம் இல்லை. நல்ல எடத்துலயே கொட்டட்டும்னு விட்டுட்டேன்."

மெஷினை வைத்துவிட்டு ஆட்கள் இறங்கிப் போனார்கள். அவள் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, இவர் பக்கம் கையை நீட்டினாள்.

"சரி, அந்த மடையனோட சட்டையைக் கழட்டிக் குடுங்க. முதல் துவைப்பு அதுதான்."