சுவருக்கு அந்தப் பக்கத்துச் சாகுபடி

"பாகீ, ஒரு பத்து நிமிஷம் என்னைக் கன்னாபின்னான்னு திட்டேன்" என்று சாமா கெஞ்சினார்.

கணக்கு டீச்சரான மனைவி பாகீரதி யோசித்தாள். "ஏன்னா, துண்டைக் கொடியில போடப்படாதோ?" என்றாள். அதற்கு மேல் வரவில்லை.

நாலு மணிக்கு மெட்ராசிலிருந்து டி.வி. டைரக்டர் வருகிறார். சாமா ஏழு வருஷமாக வாரப் பத்திரிகையில் எழுதும் 'எங்காத்து அமளி'யைத் தொடராக எடுக்கப்போகிறார். 'நிஜக் குடும்பம் என்பதால்தான் எடுக்கிறேன். வீட்டை நேரில் பார்த்துவிட்டுக் கையெழுத்து' என்று கடிதம்.

நிஜக் குடும்பம்தான். சாமாவுடையது இல்லை, அவ்வளவே. கணவன் கட்சிக் கூட்டத்துக்குப் போகாமலிருக்க மனைவி சைக்கிள் சாவியை ஊறுகாய் ஜாடியில் ஒளித்தது உட்பட எல்லாமே பக்கத்து வீட்டிலிருந்து காம்பவுண்டுச் சுவரேறி வந்தவை.

பக்கத்து வீட்டு வீரையன், நன்னிலத்தில் சாமாவின் நிலத்தைக் குத்தகைக்கு உழுபவர். பாங்கில் வேலை பார்க்கும் மகன் தஞ்சாவூரில் கட்டிய வீடு, விதிவசமாய் சாமா வீட்டுக்கு அடுத்ததாக அமைந்தது. அந்த நிலத்துக்காக இருவருக்கும் பதினோரு வருஷமாகக் கேஸ். 'உழுதுவிட்டால் சொந்தமாகிவிடுமா?' என்பது சாமாவின் வாதம். ஆட்சி மாறியது, கேஸ் அசையவில்லை. வாய்தாவுக்கு இருவரும் ஒரே பஸ்ஸில்தான் போய்வருவார்கள். அடுத்த வாய்தா வெள்ளிக்கிழமை.

சாமா சுவரில் எக்கினார். "வீரையன், நாலு மணிக்கு நீங்களும் அம்சவல்லியும் சத்தமா ஒரு சண்டை போடணும். எங்காத்துக்குள்ள கேக்கறாப்பல."

"எதுக்கு சார்?"

"ஒரு விருந்தாளி வரார்."

விருந்தாளி என்றதும் வீரையன் மனைவி அம்சவல்லி புதுப்புடவை கட்டிக்கொண்டாள். ஒத்திகை தொடங்கியது.

"காபி சாப்புட்டீங்களாங்க?"

"நீ மொதல்ல சாப்புடுத்தா."

ஏழு வருஷத்தில் சாமா கேட்டிராத மரியாதை. தலையில் அடித்துக்கொண்டார். "இப்படி இல்ல! சாவியை ஊறுகாய் ஜாடியில போட்டேளே, அன்னிக்கு மாதிரி!"

"அது ஒங்களுக்கு எப்புடித் தெரியும்?" என்றார் வீரையன்.

பதற்றத்தில் சாமா உண்மையைச் சொல்லித் தொலைத்தார்.

"பத்திரிகையிலயா? ஊரே படிச்சுதா?" வீரையன் மனைவி பக்கம் திரும்பினார். "எல்லாம் ஒன் வாயாலதான்டி!"

"என் வாயா? சாவிய எடுத்து நக்குனது யாரு?"

சண்டை தெருமுனை வரை கேட்டது. அங்கேதான் டைரக்டரின் கார் திரும்பியது. சத்தம் வந்த வழியே நேராக வீரையன் வீட்டுக்குள் நுழைந்தவர், "அப்படியே இருக்கு சார்!" என்று பூரித்து, ஒப்பந்தத்தை வீரையன் கையில் கொடுத்தார்.

சாமா சுவரைத் தாண்டிக் குதித்தார். வேட்டி டர்ரென்றது.

"புது வேஷ்டி! அறிவிருக்கா உங்களுக்கு?" என்று பாகீரதி கத்தினாள். கேட்ட திட்டு, கொஞ்சம் தாமதமாக வந்து சேர்ந்தது.

"எழுதினது நான்!" என்று சாமா மூச்சிரைத்தார்.

"குடும்பம் எங்களுது" என்றார் வீரையன், தாளை விடாமல்.

டைரக்டர் குழம்பினார். "கதை யாருக்குச் சொந்தம்? அதைச் சொல்லுங்க முதல்ல."

ஏழு வருஷ உழைப்பு கைநழுவும்போது மரியாதையாவது ஒன்றாவது! "குடும்பம் உன்னோடதா இருந்தா என்ன? ஏழு வருஷமா அதை உழுதவன் நான்! உழுதவனுக்குத்தான்யா சொந்தம்!"

வீரையன் தாளை நீட்டினார். சாமா வெற்றியோடு கையெழுத்துப் போட்டார். அம்சவல்லி எல்லோருக்கும் காபி கொண்டுவந்து வைத்தாள்.

"கதை ஒங்களுதே சார்" என்றார் வீரையன். "இப்ப சொன்னீங்கள்ல, அத மட்டும் வெள்ளிக்கிழம கோர்ட்டுல ஒரு தடவ சொல்லிடுங்க."