தகர வாய்க்கால் போட்ட விவரம்

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமா எழுதுவது. நீங்களும் மகளும் பேத்தியும் நல்லபடியாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் உங்கள் அத்தையும் சௌக்கியம், என் இடது கட்டைவிரல் நீங்கலாக. அது சுத்தியலுக்குக் குறுக்கே வந்துவிட்டது.

போன தடவை வந்தபோது நீங்கள் பின்னறைச் சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, விரலைத் துடைத்துக்கொண்டீர்கள். பிறகு, அந்த ஈரத்தில் கைக்குழந்தையைப் படுக்கவைக்க முடியாது, இப்போதைக்கு அனுப்புவதாக இல்லை என்று மகளிடம் சொன்னீர்களாம். அவள் அம்மாவிடம் சொன்னாள், அம்மா என்னிடம் கொஞ்சம் காரம் சேர்த்துச் சொன்னாள். எனக்குக் கோபமில்லை. ஆனால் அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மழை பெய்தால் ஓட்டு விளிம்பிலிருந்து தண்ணீர் நேராகச் சுவரடியில் கொட்டுகிறது, சுவர் அதைக் குடிக்கிறது, அதுதானே விஷயம்? விளிம்போடு தகர வாய்க்கால் மாட்டி, மூலையில் ஒரு குழாயை இறக்கிவிட்டால் தீர்ந்தது. ஆளைக் கூப்பிடலாம் என்றாள் அத்தை. காலமெல்லாம் மலைப்பாதையில் பஸ் ஓட்டியவனுக்கு ஏற்ற இறக்கம் தெரியாதா என்று நானே ஏணியில் ஏறிவிட்டேன்.

முதலில் ரசமட்டம் வைத்து, கோடு போட்ட மாதிரி நேராக மாட்டினேன். தெருவே நின்று பார்த்தது. வாளித் தண்ணீரை ஊற்றினால் அது அங்கேயே குளமாக நிற்கிறது. அத்தை அண்ணாந்து பார்த்து, "ரொம்ப நேரா இருக்கு. அதான் எந்தப் பக்கம் போறதுன்னு தண்ணிக்குத் தெரியல" என்றாள். எல்லாத்தையும் கழட்டி, சரிவு வைத்து மறுபடி மாட்டினேன். சரிவு அருமையான சரிவு, பக்கம்தான் மாறிப்போச்சு. ஏணி மேல நின்னா இடது எது வலது எதுன்னு குழம்புது மாப்பிள்ளை. குழாய் ஒரு மூலையில, தண்ணி இன்னொரு மூலையில, பக்கத்து வீட்டு வாத்தியார் காயப்போட்ட போர்வை மேல. அவர் அதை மறுபடி பிழிஞ்சு போட்டார்.

மூணாவது தடவை நூல் கட்டினேன். குழாய்ப் பக்கம் ரெண்டு விரல் இறக்கம், நெருக்க நெருக்கமா கிளாம்பு, மேட்டுப் பக்கத் தகரம் பள்ளத்துத் தகரத்துக்கு உள்ளே உட்காரணும், இடுக்குல பசை. எல்லாம் முடிச்சுக் கீழே இறங்கினா, "பரவலா விழுந்த தண்ணியை ஒண்ணு சேர்த்து அதே சுவரடியில ஊத்துறீங்க" என்றாள் அத்தை. கோபம் வந்தது. ஆனா அவள் சொன்னது நியாயம். குழாய்க் கால்ல ஒரு வளைவு மாட்டி, தண்ணியைத் தோட்டத்து வாய்க்கால் வரைக்கும் கொண்டுபோயிட்டேன்.

நேத்து நல்ல மழை. நான் குடையோட வெளியே நின்னேன். ஓட்டுல விழுந்தது எல்லாம் சத்தமில்லாம ஓடி, குழாய் வாயில தளதளன்னு வந்துச்சு. சுவரோரம் ஒரு சொட்டு இல்லை. மகள் முதல்ல "அப்பா"ன்னு கூப்பிட்டப்போகூட எனக்கு இப்படி இல்லை (இதை அடிக்கச் சொல்கிறாள் அத்தை, அடிக்க மாட்டேன்). வாத்தியார் வந்து, தன் வீட்டுக்கும் போட்டுத் தர முடியுமா என்று கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

ஆகவே, மாப்பிள்ளை, அறை தயார். தைரியமாக அனுப்பிவையுங்கள். உங்கள் மூவருக்கும் எங்கள் ஆசிகள், பேத்தியின் உள்ளங்காலுக்கு ஒரு முத்தம்.

இப்படிக்கு,
உங்கள் மாமா

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் பின்னறைக்கு வெள்ளையடிக்க ஆள் வந்தார். சுரண்டிப் பார்த்தால் உள்ளே சொதசொதவென்று ஈரம். குழாய்க்காரர் வந்து சுவரை உடைத்துப் பார்த்துச் சொன்னார்: குளியலறைக் குழாய் உள்ளுக்குள்ளேயே ரொம்ப நாளாகக் கசிந்துகொண்டிருக்கிறதாம். மழைக்கும் அந்தச் சுவருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லையாம். இப்போது பின்னறையில் நின்றால் குளியலறை தெரிகிறது. குழந்தைக்கு எங்கள் அறையைக் கொடுத்துவிடுகிறோம், அது காய்ந்துதான் இருக்கிறது, நீங்களே தொட்டுப் பார்க்கலாம். ஒரே ஒரு வேண்டுகோள்: மழை நாளாகப் பார்த்து வாருங்கள்.