டான்சில் வைரஸும் உங்கள் தங்கச்சியும்

நெல்லித்தோப்பு, புதுச்சேரி

மதிப்பிற்குரிய மச்சான் லூர்துபிரகாஷ் அவர்களுக்கு அல்போன்ஸ் வணக்கத்துடன் எழுதுவது. பாரிசில் நீங்களும் வீட்டாரும் சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன். இங்கே நான் சுகமில்லை. உங்கள் போனை எடுக்காதது திமிரால் அல்ல. பேசினால் தொண்டையில் முள் குத்துகிறது.

சவரம் செய்யும்போது கழுத்தில் நெல்லிக்காய் அளவு கட்டி கையில் தட்டுப்பட்டது, வலியில்லையே என்று சும்மா இருந்தேன், உங்கள் தங்கச்சி வெரோனிகாதான் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள், சதை எடுத்துப் பார்த்து டான்சிலில் புற்றுநோய் என்றார்கள். இந்த ஊரில் இத்தனை மதுக்கடைகளைத் தாண்டி நடந்தே ரிட்டையர் ஆனவன் நான், பீடிகூடப் பிடித்ததில்லை, பூசையில் வாசகம் வாசிக்கிற தொண்டை, எனக்கா என்று டாக்டரம்மாவிடம் அழுதேன். அந்தப் புண்ணியவதி ஆறுதலாக, உங்கள் தங்கச்சியை வைத்துக்கொண்டே சொன்னார்: "இது புகை, குடியால வந்தது இல்ல சார். எச்.பி.வி.ன்னு ஒரு வைரஸ். உறவு வச்சிக்கறப்ப வாய் வழியா தொத்தும்."

"யாருய்யா அவ?" என்றாள் வெரோனிகா. வெளியே வரிசையில் இருந்தவர்களெல்லாம் எட்டிப் பார்த்தார்கள்.

டாக்டரம்மா பதறிவிட்டார். "அப்படி இல்லம்மா! நெறைய பேருக்கு தொத்தி, தானா போயிடும். சிலருக்குதான் பல வருஷம் உள்ளயே கெடந்து இப்படி ஆவும். இந்த வகை பெரும்பாலும் வைத்தியத்துக்கு நல்லா கேக்கும்."

"கட்டி கேக்கும். நான் கேக்கறதுக்கு இந்தாளு பதில் சொல்லட்டும்."

விழுப்புரத்துக்கு மாற்றலாகிப் போனபோது எனக்குச் சோறு போட்ட மெஸ்காரி அஞ்சலாட்சியம்மாள் மேல்தான் வெரோனிகாவுக்குச் சந்தேகம். அந்த அம்மாளுக்கு அப்போதே அறுபது வயது, மச்சான்! மறுத்துப் பேசத் தொண்டை ஒத்துழைக்கவில்லை. சைகை காட்டினால் "பாரு, கை நடுங்குது" என்கிறாள். திங்கட்கிழமை ரேடியேஷன் ஆரம்பம். "அவளயே கூட்டிக்கிட்டு போ" என்று சொல்லிவிட்டாள். தனியாகப் போகப் பயமாயிருக்கிறது. நோய்க்கு முன் இந்தச் சந்தேகமே என்னைக் கொண்டுபோய்விடும். நீங்கள் அவளிடம் ஒரு வார்த்தை பேசுங்கள்.

உங்கள் வீட்டம்மாவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். எனக்காக ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுங்கள்.

இப்படிக்கு,
அல்போன்ஸ்

பி.கு.: பேச வேண்டாம், மச்சான். இன்று வெரோனிகா தனியாகப் போய் டாக்டரம்மாவைக் கேட்டிருக்கிறாள். எப்போது, யாரிடமிருந்து வந்தது என்று எந்தச் சோதனையாலும் சொல்ல முடியாதாம். அவளிடமிருந்தே எனக்கு வந்திருக்கலாமாம். வந்தவள் கஞ்சியைக் குழையக் கரைத்து நீட்டி, "யாருகிட்டேர்ந்து வந்துதோ, விடுய்யா. திங்கக்கெழம நானும் வரேன். மொதல்ல இத முழுங்கு" என்றாள். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். அதிலிருந்து எனக்குக் கஞ்சி இறங்கவில்லை. ஏன் மச்சான், கல்யாணத்துக்கு முன்னால் அவளுக்கு... வேண்டாம். பதில் எழுதாதீர்கள்.